படிவத்தில் இல்லாத கட்டம்: மாற்றத்தை எதிர்ப்பவர்கள் யார்?

மாப்பிள்ளையூரணியில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பிகளில் ஒருவர் எம்.பி.ஏ. இறுதியாண்டு படிக்கிறார். உப்பளத்துக்குப் போன தாயின் சம்பாத்தியத்தில் படித்தவர். சென்ற மாதம் ஒரு கட்டு படிவங்களோடு வந்தார். கல்லூரியில் கொடுத்த புராஜெக்ட். தலைப்பு இதுதான்: ‘பணியாளர்களின் சமூகப் பின்னணிக் கூறுகளும் நிறுவன மாற்றத்துக்கான எதிர்ப்பும்’. நூறு பேரிடம் படிவத்தை நிரப்பி வாங்க வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒப்பந்த வேலைக்குப் போகிற பெண்கள் நிறையப் பேர் இருப்பதால் உதவி கேட்டார். நாங்களும் கூடப் போனோம்.

படிவத்தின் முதல் பக்கத்தில் ஆறு கட்டங்கள். வயது, பாலினம், கல்வித் தகுதி, திருமணம் ஆனவரா, எத்தனை ஆண்டு அனுபவம், மாத வருமானம். இரண்டாம் பக்கத்தில் இருபது வாக்கியங்கள். ‘புதிய நடைமுறைகள் அறிமுகமாகும்போது எனக்குப் பதற்றம் ஏற்படுகிறது’ என்று ஒன்று. முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் என்பதிலிருந்து சிறிதும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வரை ஐந்து கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

முதலில் பார்த்த அக்கா ஒரு பெரிய வளாகத்தில் துப்புரவு வேலை செய்கிறார். பதினோரு வருடம். மூன்று ஒப்பந்தக்காரர்கள் மாறிவிட்டார்கள், அவர் அதே விளக்குமாற்றோடு இருக்கிறார். தம்பி வாக்கியத்தை வாசித்ததும் அவர் சொன்னார்:

“பதட்டம் வராம என்ன செய்யும் தம்பி? நாளைக்கு வேலைக்கு வா, வராதங்கத போன்லதான் சொல்லுதாங்க. அத எந்தக் கட்டத்துல போடுவ?”

தம்பி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். எங்களிடமும் பதில் இல்லை.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வளாகத்தில் சில மாதங்களுக்கு முன்பு வருகைப்பதிவை மாற்றியிருக்கிறார்கள். கையெழுத்து நோட்டு போய், முகத்தைக் காட்டினால் பதிவாகும் செல்போன் செயலி வந்தது. காலை ஐந்தரை மணிக்கு இருட்டில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வரும் பெண்ணின் முகம் அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. பதிவாகவில்லை என்றால் அரை நாள் கூலி பிடித்தம். சூப்பர்வைசரிடம் போய்க் கெஞ்சினால் அவர் மனம் வைத்தால் திருத்துவார். பதினான்கு பெண்கள் சேர்ந்து, பழைய நோட்டையும் கூட வையுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அலுவலகத்திலிருந்து வந்த பதில்: “வயசானவங்க, படிக்காதவங்க. டெக்னாலஜின்னா பயப்படத்தான் செய்வாங்க. போகப் போகச் சரியாயிடும்.”

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் விடாமல் எல்லோரும் சீட்டுப் பணத்தைச் செல்போனில்தான் அனுப்புகிறார்கள். வெளியூரில் படிக்கிற மகளோடு தினமும் வீடியோவில் பேசுகிறார்கள். செயலிக்குப் பயந்தவர்கள் அல்லர். அரை நாள் கூலிக்குப் பயந்தவர்கள். அந்தப் படிவம் இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடும். கணினியில் ஏற்றிப் பார்த்தால் முடிவு இப்படி வரும்: ‘நாற்பது வயதுக்கு மேற்பட்ட, குறைந்த கல்வித் தகுதி கொண்ட பெண் பணியாளர்களிடம் மாற்றத்துக்கான எதிர்ப்பு அதிகம்.’ நாளை ஒரு எச்.ஆர். அதிகாரி இதைப் படித்துவிட்டு, அடுத்த ஒப்பந்தத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களைக் குறைக்கச் சொல்வார். எங்கள் தம்பியின் கையெழுத்தில், எங்கள் தெருப் பெண்களின் வேலை போகும்.

அதனால்தான் இதை எழுதுகிறோம். தோழர்களே, உங்களில் பலர் சமூகப்பணி, மேலாண்மை, பொருளாதாரம் படிக்கிறீர்கள். இப்படி ஒரு படிவம் உங்கள் கைக்கும் வரும்.

பாடப்புத்தகமே சொல்வது என்ன?

‘மாற்றத்துக்கான எதிர்ப்பு’ என்ற சொல் மேலாண்மைப் படிப்புக்குள் பரவலாக நுழைந்தது 1948இல். லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற சிற்றூரில் இருந்த ஹார்வுட் பைஜாமா தைக்கும் ஆலையில் செய்த ஆய்வு அது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், சுற்றியுள்ள மலையூர்க்காரர்கள், எட்டாம் வகுப்பு அளவில் படித்தவர்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான கூட்டம்.

ஆலையில் வேலைமுறையும் பீஸ்ரேட்டும் மாற வேண்டியிருந்தது. ஒரு குழுவுக்கு, மாற்றம் இதுதான் என்று அறிவித்துவிட்டார்கள். இன்னொரு குழுவில் பிரதிநிதிகளை மட்டும் அழைத்துப் பேசினார்கள். மற்ற குழுக்களில் எல்லோரையும் உட்காரவைத்து, எதை எப்படி மாற்றலாம் என்று அவர்களிடமே கேட்டார்கள். அறிவிப்பை மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி விழுந்தது, மேலாளரோடு சண்டை வந்தது, நாற்பது நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். எல்லோரையும் கலந்த குழுக்களில் உற்பத்தி சீக்கிரமே பழைய நிலைக்கு வந்து அதைத் தாண்டியது. அந்த நாட்களில் ஒருவர்கூட வேலையை விடவில்லை.

வயது ஒன்று, பால் ஒன்று, படிப்பு ஒன்று, ஊர் ஒன்று. விளைவு மட்டும் வேறு. அப்படியென்றால் எதிர்ப்பு அந்தப் பெண்களின் வயதிலும் படிப்பிலும் இருக்கவில்லை. மாற்றம் அவர்கள் மேல் எப்படி இறக்கப்பட்டது என்பதில்தான் இருந்தது. 1999இல் எரிக் டென்ட், சூசன் கோல்ட்பர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மக்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள் என்பதே ஒரு தவறான மனப்படம். சம்பளம், மரியாதை, நிம்மதி ஆகியவற்றை இழப்பதைத்தான் எதிர்க்கிறார்கள் என்று எழுதினார்கள். தம்பியின் புராஜெக்ட்டில் இந்த இரண்டு ஆய்வுகளும் பெயரளவில் இருந்தன. அவை சொன்னது மட்டும் படிவத்துக்குள் வரவில்லை.

வயது, பால், கல்வி, பணிக்காலம் ஆகியவற்றை எதிர்ப்போடு பொருத்திப் பார்த்த ஆய்வுகள் உலகம் முழுக்க ஏராளம். அவற்றின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஓரிடத்தில் மூத்தவர்கள் எதிர்க்கிறார்கள், இன்னோரிடத்தில் இளையவர்கள். ஏன் என்று யோசித்தால் கடினமில்லை. ஒருவரின் வயது, மாற்றம் அவரிடமிருந்து எதைப் பறிக்கப்போகிறது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது அவர் அந்த நிறுவனத்தில் எந்தப் படியில் நிற்கிறார் என்பது. நம் நாட்டில் அந்தப் படியைத் தீர்மானிப்பதில் சாதிக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தக் கட்டம்தான் படிவத்தில் இல்லை.

இருக்கிற கணக்கு

சாதியைக் கேட்பது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அரசே கேட்டிருக்கிறது. கழிவுநீர்க் குழாய், மலக்குழித் தொழிலாளர்களுக்கான ‘நமஸ்தே’ திட்டத்துக்காக நாடு முழுவதும் எடுத்த கணக்கில், 2024 வரை பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர். பிற்படுத்தப்பட்டோர் 14.7, பழங்குடியினர் 8.3, பொதுப்பிரிவினர் 8 சதவீதம். நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்குப்படி 16.6 சதவீதம். ஆறில் ஒரு பங்குள்ள மக்கள், குழிக்குள் இறங்குகிற வேலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இது தற்செயல் அல்ல, வேலைக்கு ஆள் எடுக்கும் முறை.

இப்போது ஒரு நிறுவனம் ‘மறுசீரமைப்பு’ செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலையை முதலில் ஒப்பந்தத்துக்கு விடுவார்கள்? துப்புரவு, சுமை, காவல், தோட்டம், சமையல்கட்டு. கணக்குப்பிள்ளை வேலையோ மேலாளர் வேலையோ கடைசியில்தான் வரும். ஆக, காகிதத்தில் ‘எல்லோருக்கும் பொதுவான’ மாற்றம், நடைமுறையில் ஒரு சேரிக்கும் ஒரு காலனிக்கும் போய்ச் சேருகிற மாற்றம். அங்கிருந்து எதிர்ப்பு கிளம்பினால், ‘இவர்கள் எப்போதுமே இப்படித்தான்’ என்று பேச்சு வரும்.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அரசாணை 152 வந்தது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளின் பணியிடங்களை மறுவரையறை செய்து, துப்புரவு உள்ளிட்ட அடிமட்ட வேலைகளை வெளிமுகமைக்கு விடும் ஆணை. உள்ளாட்சித் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நிரந்தரப் பணியிடம் என்றால் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல் உண்டு, பதவி உயர்வு உண்டு. துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தவர் மேஸ்திரியாகலாம். வாரிசுக்குக் கருணை அடிப்படையில், படித்திருந்தால் எழுத்தர் வேலையே கிடைக்கலாம். ஒப்பந்தக்காரருக்கு இவற்றில் எதுவும் கட்டாயமில்லை. ஆக மேலே ஏறும் ஏணியை எடுத்துவிட்டு, கீழே அதே சாதியை அதே வேலையில் வைத்திருக்கிறது இந்த ‘மாற்றம்’. மாறாத ஒன்றுக்கு மாற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள்

2025 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை மாநகராட்சியின் 5ஆம் மண்டலமான ராயபுரம், 6ஆம் மண்டலமான திரு.வி.க. நகர் இரண்டிலும் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போனது. நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின்கீழ் சுயஉதவிக்குழுப் பெயரில் மாநகராட்சியிடம் ஆண்டுக்கணக்காக வேலை பார்த்தவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். பெரும்பாலோர் பட்டியல் சாதிப் பெண்கள். கொரோனா காலத்தில் ஊரே கதவைச் சாத்தியபோது தெருவில் நின்றவர்கள். இனி தனியார் கம்பெனியில் சேருங்கள் என்றார்கள். கைக்கு வரும் சம்பளம் மாதம் பல ஆயிரம் குறையும், பணிநிரந்தரக் கோரிக்கையும் செத்துவிடும் என்று சொல்லி அவர்கள் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். உழைப்போர் உரிமை இயக்கம் தலைமை தாங்கியது. 13ஆம் நாள், அனுமதியில்லாத இடம் என்று உயர்நீதிமன்றம் அப்புறப்படுத்தச் சொன்னது. அன்று நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியது. மறுநாள் அமைச்சரவை கூடி இலவச உணவு, காப்பீடு, கடனுதவி என்று நலத்திட்டங்களை அறிவித்தது. கேட்ட பணிநிரந்தரம் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்போது தொலைக்காட்சியிலும் முகநூலிலும் என்ன பேசினார்கள் என்று நினைவிருக்கிறதா? “ஊரெல்லாம் மாறியாச்சு, இவங்க மட்டும் ஏன் அடம்பிடிக்கிறாங்க?” அதே கேள்வி. எங்கள் வளாகத்து அலுவலகம் கேட்ட கேள்வி. இரண்டாயிரம் பேரும் ஒரு பொழுதில் மாற்றத்துக்கு அஞ்சும் மனநோயாளிகள் ஆகிவிட்டார்கள் போல. அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், கணக்கு இடித்தது, உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான்.

நமக்குள் எழுந்த கேள்வி

அந்தப் போராட்டத்தை ஒட்டி நம் இயக்கங்களுக்குள்ளேயே ஒரு வாதம் எழுந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. ‘குப்பை அள்ளும் வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்பது, குப்பை அள்ளுகிற சாதியை நிரந்தரமாக்கு என்று கேட்பதாகாதா? நாம் வெளியேறத்தானே வேண்டும்?’ என்றார்கள்.

எங்களுக்கும் அந்தக் கேள்வி வலித்தது. எங்கள் வட்டத்தில் இரண்டு ஞாயிறுகள் இதைப் பேசினோம். நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது. வெளியேற வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மகளை வெளியேற்றுவது தாயின் சம்பளம். தாயின் சம்பளத்தில் ஐயாயிரம் ஆறாயிரம் குறைந்தால் முதலில் நிற்பது மகளின் கல்லூரிக் கட்டணம். நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் இருந்த துப்புரவுப் பணியாளரின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் ஆனதை நம் தெருக்களில் கண்ணால் பார்த்திருக்கிறோம். தினக்கூலிக்காரரின் மகள் பல வீடுகளில் அதே தினக்கூலிக்குப் போவதையும் பார்க்கிறோம். பணிநிரந்தரம் வெளியேறும் கதவுக்குக் குறுக்கே நிற்கவில்லை. கதவுவரை போகிற வழிச்செலவு அது.

இதே வேலையில் மக்கள் மாற்றத்தை இரண்டு கை நீட்டி வாங்கிக்கொண்ட இடங்களும் உண்டு. 2017இல் ஹைதராபாத் குடிநீர் வடிகால் வாரியம், குறுகலான சந்துகளுக்குள் போகும் சிறிய கழிவுநீர் அகற்றும் எந்திரங்களைத் தலித் தொழில்முனைவோர் வழியாக இறக்கியது. 2019இல் டெல்லியில் 200 எந்திரங்கள் அதே முறையில் வந்தன. 2024இல் தமிழ்நாடு அரசு, சென்னைக் குடிநீர் வாரியப் பணிக்காகத் தூய்மைப் பணியாளர்களையே தொழில்முனைவோராக்கும் திட்டத்தில் 213 பேருக்கு நவீனக் கழிவுநீர் அகற்றும் வாகனங்களைக் கொடுத்தது. குழிக்குள் இறங்கினவர் ஸ்டியரிங் பிடித்தார். எந்திரம் வேண்டாம், நாங்கள் குழிக்குள்ளேயே இறங்குகிறோம் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. அந்தத் திட்டங்களிலும் கேள்வி உண்டு. வண்டி மாறினாலும் கழிவு அள்ளும் சாதி மாறவில்லையே என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் ‘படிக்காதவர்கள் தொழில்நுட்பத்துக்குப் பயப்படுவார்கள்’ என்ற கதை அங்கே நொறுங்கிவிடுகிறது. எந்திரம் யார் பெயரில் பதிவாகிறது என்பதைப் பொறுத்து, அதே மக்கள் அதே எந்திரத்தைக் கட்டிப்பிடிக்கவும் செய்வார்கள், கல்லெறியவும் செய்வார்கள்.

புளியந்தோப்பு சொன்ன பாடம்

சாதிக் கட்டத்தை விட்டுவிடுவது நிர்வாகத்தின் பழக்கம் மட்டுமல்ல. தொழிற்சங்கமும் அதைச் செய்திருக்கிறது. அதற்கு விலையும் கொடுத்திருக்கிறது.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றவர்கள் அதன் முகங்கள். பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள் அதன் பலம். அந்த ஆலைகளில் சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர் என மூன்று பெரிய பிரிவினர் வேலை செய்தார்கள். 1921இல் பெரிய வேலைநிறுத்தம் வந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் மிகப் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எம்.சி. ராஜா தம் மக்கள் பக்கம் நின்றார். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது.

இதைக் ‘கருங்காலித்தனம்’ என்று ஒரே சொல்லில் முடித்தவர்கள் உண்டு. கையிருப்பே இல்லாத, ஒரு வாரக் கூலி நின்றால் அடுப்பு நிற்கிற மக்களுக்கு வேலைநிறுத்தத்தின் செலவு மற்றவர்களைவிட அதிகம் என்பதை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஆலைக்குள் தோழர், ஊருக்குள் தீண்டத்தகாதவர் என்றால் ஒற்றுமை எத்தனை நாள் தாங்கும்? தொழிலாளர்கள் எல்லோரும் ஒன்று என்று சொன்னது அழகாக இருந்தது. எல்லோர் வீட்டு அரிசிப்பானையும் ஒன்றாக இருக்கவில்லை.

அந்தப் புளியந்தோப்பு இன்று திரு.வி.க. நகர் மண்டலத்துக்குள் இருக்கிறது. 2025இல் ரிப்பன் மாளிகைக்கு வந்து உட்கார்ந்தவர்களின் மண்டலம். நூறாண்டு கழித்து, அன்று ‘போராட்டத்துக்கு வராதவர்கள்’ என்று பழி சுமந்த அதே மண்ணிலிருந்து, ‘போராட்டத்தை விடாதவர்கள்’ என்று பழி சுமந்தவர்கள் வந்தார்கள். இரண்டு முறையும் அவர்களிடம் யாரும் முதலில் உட்கார்ந்து கேட்கவில்லை.

பாபாசாகேப் இதைக் கண்டார். 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது அவர் எழுப்பிய கேள்வி: கூலி அதிகம் கிடைக்கும் நெசவுப் பிரிவில் ஏன் தீண்டப்படாதவர்களுக்கு வேலை இல்லை? நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், அவர்கள் வாய் பட்டால் தீட்டு என்று சக தொழிலாளர்களே தடுத்தார்கள். நிர்வாகத்தின் மாற்றத்தை எதிர்க்க ஒன்றுகூடிய சங்கம், தனக்குள் ஒரு மாற்றத்தை எதிர்த்துக்கொண்டிருந்தது. பத்தாண்டு கழித்து 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்கள் முன்பு பேசும்போது, பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகள் உண்டு என்று அவர் சொன்னது இந்த அனுபவத்திலிருந்து. அதே ஆண்டு நவம்பரில் தொழில் தகராறு மசோதாவுக்கு எதிரான வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தே நின்றார். கேள்வி கேட்டவர் ஒற்றுமைக்கு வெளியே போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உண்மையில் மாற மறுப்பவர்கள்

இப்போது படிவத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்ப்போம். இந்த நாட்டின் அலுவலகங்களில் மாற்றத்தை மிக நீண்ட காலம், மிக ஒழுங்காக எதிர்த்துவருபவர்கள் யார்? 1990இல் மண்டல் பரிந்துரையை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்ததும் வட இந்தியக் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் தெருவுக்கு வந்தவர்கள் எழுத்தறிவில்லாத ஐம்பது வயதுத் துப்புரவுப் பெண்களா? நன்கு படித்தவர்கள். இளைஞர்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள். படிவத்தின் இலக்கணப்படி ‘மாற்றத்துக்கு மிகவும் இசைவானவர்கள்’. பதவி உயர்வில் இடஒதுக்கீட்டைக் காக்க 1995இல் அரசியல் சட்டத்தையே 77ஆவது முறையாகத் திருத்த வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியர் உள்ஒதுக்கீடு வந்தபோது பட்டியல் சாதியினரான நமக்குள்ளேயே சிலர் எதிர்த்தோம் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொள்வோம். இருக்கிற இடத்தை இழப்போமோ என்ற பயம் எந்தப் படியில் நிற்பவருக்கும் வரும். மேலே இருப்பவரின் பயத்துக்குத் ‘தகுதி’ என்றும், கீழே இருப்பவரின் பயத்துக்கு ‘அறியாமை’ என்றும் பெயர் வைப்பதுதான் சாதி.

எங்கள் ஊர்க் கதையும் இதையே சொல்லும். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா தலைமையில் வேலையை நிறுத்தினார்கள். கூலியை உயர்த்து, வேலை நேரத்தைக் குறை, வாரம் ஒருநாள் விடுப்புக் கொடு என்று கேட்டார்கள். மாற்றம் கேட்டது தொழிலாளி. மாட்டேன் என்றது நிர்வாகம். உப்பளங்களில் நிழற்கூரை வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், உப்பும் வெயிலும் தின்னும் கண்ணுக்கும் காலுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று நம் தாய்மார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ‘நிறுவன மாற்றத்தை’ இத்தனை காலம் எதிர்ப்பவர்களின் வயது, கல்வித் தகுதி, சாதி என்ன என்று ஒரு எம்.பி.ஏ. ஆய்வு இதுவரை எங்கள் கண்ணில் படவில்லை.

மாணவத் தோழர்களுக்கு

எங்கள் மாவட்டத்தில் தொழில்கள் பெருகுகின்றன. துறைமுகம் விரிகிறது. சிப்காட்டில் மின்வாகன ஆலை 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. இன்னும் வரும். ஒவ்வொன்றிலும் ‘மாற்றம்’ நடக்கும், ஒவ்வொன்றையும் ஆய்வு செய்ய நீங்கள் அனுப்பப்படுவீர்கள். அதனால் சில யோசனைகள்.

முதலாவது, படிவத்தில் வேலையின் தன்மையைக் கேளுங்கள். நிரந்தரமா, நேரடித் தற்காலிகமா, ஒப்பந்தக்காரர் மூலமா, எத்தனை ஒப்பந்தக்காரர் மாறினார்கள் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி வயதையும் கல்வியையும்விட அதிகம் சொல்லும்.

இரண்டாவது, சாதியைக் கேட்பதில் கவனம் வேண்டும். வேலையிடத்தில், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, ஒரு பெண்ணிடம் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று கேட்பது ஆய்வு அல்ல, அவமானம். வீட்டில் கேளுங்கள். விருப்பமிருந்தால் சொல்லட்டும். பெயரை எழுதாதீர்கள். பத்துப் பேர் இருக்கும் பிரிவில் ஒரே ஒருவர் பட்டியல் சாதி என்றால், பெயரில்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ‘உங்கள் குடும்பத்தில் இதே வேலையை இதற்கு முன்பு யார் செய்தார்கள்?’ என்ற கேள்வி பல நேரம் போதும். பதில் ‘எங்கம்மா, அதுக்கு முன்ன ஆச்சி’ என்று வந்தால் உங்களுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

மூன்றாவது, மாற்றத்தின் வரவுசெலவைக் கேளுங்கள். இந்த மாற்றத்தால் உங்கள் கூலி எவ்வளவு கூடியது, குறைந்தது? நேரம்? மரியாதை? உங்களிடம் முன்கூட்டியே யாராவது கேட்டார்களா? அதன்பிறகு ‘பதற்றமாக இருக்கிறதா’ என்று கேளுங்கள். பதற்றத்துக்கான காரணம் அதற்கு முந்தைய பதில்களில் இருக்கும்.

நான்காவது, இயக்கத் தோழர்களுக்கு. எதிர்ப்பு என்றாலே புனிதம் என்று நாமும் நினைக்க வேண்டாம். எந்திரம் வரட்டும், குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம். எந்த எந்திரம், யார் பெயரில், பழைய ஆட்களுக்கு என்ன வழி என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் முதலிலேயே எழுதிவைப்போம். நம் சங்கக் கூட்டத்திலும் ஒப்பந்தப் பெண்கள் பாய் விரிக்கிற இடத்தில் இல்லாமல் மேடையில் இருக்கிறார்களா என்று பார்ப்போம்.

எங்கள் தம்பி இந்த யோசனைகளில் இரண்டைத் தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொண்டுபோனார். வேலையின் தன்மையைச் சேர்க்கச் சம்மதம் கிடைத்தது. சாதிக் கேள்வி ‘சென்சிட்டிவ்’ என்று வெட்டப்பட்டது. குடும்பத்தில் யார் செய்த வேலை என்ற கேள்வியை அவர் கவனிக்கவில்லையோ, கவனித்தும் விட்டுவிட்டாரோ, அது பிழைத்துக்கொண்டது. தம்பி மறுபடி தெருவுக்கு வந்தார். பழைய நூறு படிவங்களையும் ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஆரம்பித்திருக்கிறார். சமர்ப்பிக்க ஆறு வாரம்தான் இருக்கிறது. தேர்ச்சி பெறாமல் போனாலும் பரவாயில்லை என்று அவர் சொன்னபோது, பரவாயில்லை இல்லை, தேர்ச்சி பெற்றே ஆகணும் என்று அந்த அக்காதான் அதட்டினார்.

முகப்பதிவுச் செயலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பதினான்கு பேரும் இப்போது தங்களுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். வந்த நேரம், போன நேரம், பிடித்த கூலி மூன்றையும் தினமும் எழுதுகிறார்கள். எழுதத் தெரியாத இருவருக்கு மற்றவர்கள் எழுதுகிறார்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டோடு அலுவலகத்துக்குப் போகப்போகிறார்கள். நாங்களும் கூடப் போகிறோம்.

ஜெய்பீம்.